பழைய பேட்டரிக்கு யார் பொறுப்பு?

நமது விவேக் நகர் நிருபர்

விவேக் நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்கு வியாழக்கிழமைதோறும் வரும் கூட்டத்தைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத வித்தியாசம் பாராமல் வருகிறார்கள். மெழுகுவர்த்தி விற்பவர், பூ விற்பவர், கூட்டத்தை நம்பி நிற்கும் ஆட்டோக்காரர் என்று அன்றைக்கு எல்லாருக்கும் நாலு காசு கிடைக்கும். அந்த ஆட்டோக்களில் ஒன்று கிளம்பாமல் மக்கர் செய்தால் டிரைவர் முதலில் கை வைப்பது பேட்டரியில்தான். அது செத்துவிட்டது என்றால் புதிது வாங்குவார். பழையது எங்கே போகிறது?

ஊரைக் கேட்பதற்கு முன் இந்தக் கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. சென்ற மழைக்காலத்தில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி தன் ஆயுளை முடித்துக்கொண்டது. புதிது வாங்கப் போனபோது, பழையதை எடுத்துக்கொண்டு பில்லில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். வீட்டுக்குத் திரும்பினால் தெருமுனையில் தள்ளுவண்டியோடு குஜரிக்காரர். விசாரித்தேன். கடைக்காரர் சொன்னதைவிட முந்நூறு ரூபாய் கூடத் தருகிறேன் என்றார். மாதக் கடைசி. கடைக்காரரிடம் கழிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழையதைக் குஜரிக்காரருக்கே கொடுத்துவிட்டேன்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் பெட்டி. சுலபத்தில் தூக்க முடியாது. கூட வந்த பையனும் அவருமாக மூடிகளைக் கழற்றி, பெட்டியை ஒருக்களித்துச் சாய்த்து, உள்ளே இருந்ததை வாசல் சாக்கடையில் ஊற்றினார்கள்.

"என்னப்பா இது?" என்றேன்.

"தண்ணி சார், பேட்டரித் தண்ணி. கொட்டிட்டா லேசாயிடும்."

சாக்கடை ஓரத்துச் சிமெண்டு சுர்ரென்று நுரைத்துப் பொங்கியது. தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் குனிந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மகள்.

பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான், இதற்கெல்லாம் சட்டம் என்று ஒன்றும் கிடையாதா என்ற யோசனை வந்தது. இருக்கிறது. விவரமாகவே இருக்கிறது. வாங்கி உபயோகிப்பவர் என்ற தலைப்பின் கீழ் அதில் எனக்கும் கடமை எழுதப்பட்டிருக்கிறது.

தண்ணீர் அல்ல

பேட்டரித் தண்ணி என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பெட்டிக்குள் மாதாமாதம் நாம் ஊற்றுவது என்னவோ தண்ணீர்தான். உள்ளே இருப்பது கந்தக அமிலம். 12 வோல்ட் பேட்டரி என்றால் இரண்டிரண்டு வோல்ட் வீதம் ஆறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள், ஈய ஆக்சைடு பூசிய தகடுகள். அவை அமிலத்தில் மூழ்கி நிற்கும். பேட்டரி பழசாக ஆகத் தகடுகளின் பூச்சு உதிர்ந்து அடியில் சேறாகத் தங்குகிறது. ஆகவே பழைய பேட்டரியைச் சாய்த்து ஊற்றும்போது அமிலம் மட்டும் போவதில்லை. ஈயமும் சேர்ந்தே சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை காய்ந்தால் அது தூசி.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது வேறு உலோகம். பேட்டரியில் இருப்பது காரீயம். பெயர் ஒன்றுபோல இருப்பதால் "ஈயம்தானே, பாட்டி காலத்திலிருந்து சாப்பிட்டு வருகிறோமே" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். விலை மலிவு என்று வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்து சொம்பு வார்த்தால் அந்த ரசமும் விஷமாகிவிடும்.

காரீயத்துக்கு ஒரு குணம் உண்டு. 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்பை உருக்க வேண்டுமானால் பெரிய உலை வேண்டும். காரீயத்துக்கு ஒரு குழியும், விறகோ கரியோ போட்ட தீயும், ஓர் இரும்புச் சட்டியும் போதும். யார் வேண்டுமானாலும் உருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள கேடு. கோடரியால் பெட்டியை உடைத்து, தகடுகளை உருவி, சட்டியில் போட்டு உருக்கிப் பாளமாக வார்த்து விற்றுவிடுவார்கள். புகையும் தூசியும் சுற்றிலும் படிந்துவிடும். உருக்குபவர் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குவார்.

ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தலைநகரான டக்கார் அருகே தியாரோயே என்ற ஊரில் இப்படித்தான் நடந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணை மக்கள் மறுபடியும் சலித்து ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அந்தச் சிறு பகுதியில் 18 குழந்தைகள் இறந்தன. முதலில் என்ன நோய் என்றே யாருக்கும் விளங்கவில்லை.

பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரி

செனகல் வரை போவானேன்? ஈய விஷத்தைப் பற்றி இந்தியாவுக்குச் சொல்லிக் கொடுத்த ஆஸ்பத்திரி விவேக் நகரிலிருந்து ஈஜிபுரா வழியாக ஆட்டோவில் சற்று நேரத்தில் போகக்கூடிய தூரத்தில், கோரமங்களாவில் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் உயிர் வேதியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ், ஈய விஷத்துக்கான தேசிய ஆலோசனை மையத்தை அங்கே நடத்தினார். 1990-களின் இறுதியில் பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் பவுண்டேஷன் ஏழு நகரங்களில் ரத்தப் பரிசோதனை நடத்தியபோது, 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ஈயம் அளவு மீறி இருந்தது தெரியவந்தது. அப்போது பெட்ரோலிலேயே ஈயம் கலந்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் ஈயம் கலவாத பெட்ரோல் வந்தது.

பெட்ரோல் ஈயம் போயிற்று. பேட்டரி ஈயம் நின்றுவிட்டது. உலகில் பயன்படும் ஈயத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரிக்குத்தான் போகிறது. 2020-இல் யுனிசெப் அமைப்பும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 கோடி வரை, ரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயத்தோடு வாழ்வதாகக் கூறியது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். சரியான முறையில்லாமல் பேட்டரி உடைப்பதை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சுட்டியது. ஈயத்துக்குப் பாதகமில்லாத அளவு என்று ஒன்றுமே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. குழந்தைக்குக் காய்ச்சலோ வாந்தியோ வந்து காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதில்லை. படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. வாத்தியார் பையனை மக்கு என்பார்.

யாருக்கு என்ன வேலை?

ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்ப்பவன் நான். ஒரு பார்சல் பெங்களூரிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போனால், அனுப்புகிறவர் யார், பெறுகிறவர் யார், என்ன சரக்கு, எத்தனை கிலோ என்பதெல்லாம் வே-பில்லில் இருக்கும். கைமாறும் இடத்தில் கையெழுத்து இருக்கும். குறைந்தால் யார் கையில் குறைந்தது என்று கேட்கலாம். பேட்டரிச் சட்டத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. சட்டம் போட்டவர்கள் ஒரு வே-பில் எழுதத்தான் முயன்றிருக்கிறார்கள்.

முதல் முயற்சி 2001 மே மாதத்தில் வந்த விதிகள். அவை ஈய அமில பேட்டரிகளுக்கு மட்டும். தயாரிப்பவர் தாம் விற்ற எண்ணிக்கையில் முதல் ஆண்டு 50 சதவீதம், இரண்டாம் ஆண்டு 75, மூன்றாம் ஆண்டிலிருந்து 90 சதவீதம் பழைய பேட்டரிகளைத் திரும்ப வாங்க வேண்டும் என்றார்கள். கடைக்காரருக்கென்று தனியாகக் கடமைகள் எழுதினார்கள்: புதிதுக்குப் பழையதைத் திரும்பப் பெற வேண்டும், அதற்குத் தகுந்த தள்ளுபடி தர வேண்டும், பத்திரமாக வைத்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு அல்லது சேகரிப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை தயாரிப்பாளருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஏலம் விடுகிறவரையும் விட்டுவைக்கவில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் பழைய பேட்டரியை ஏலம் விடலாம். ரயில்வேயில் கழித்துக்கட்டிய பேட்டரிகளுக்கும் இந்த நிபந்தனை உண்டு என்பதை ஏல அறிவிப்புகளைப் பார்ப்பவர்கள் அறிவார்கள்.

இந்த விதிகள் போய் 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. ஈயம், லித்தியம், டார்ச் செல், கைக்கடிகாரப் பொத்தான் செல் எல்லாம் இதில் அடக்கம். ராணுவ, விண்வெளிச் சாதனங்களுக்கு மட்டும் விலக்கு. பாரத்தை முக்கியமாகத் தூக்கி வைத்திருப்பது உற்பத்தியாளர் தலையில். விற்றதோடு உன் பொறுப்பு தீரவில்லை, அது செத்த பிறகும் உன்னுடையதே என்பது இதன் தத்துவம். நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு என்று இதற்குப் பெயர்.

உற்பத்தியாளர் என்றால் ஆலை வைத்திருப்பவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேறொருவர் செய்து கொடுத்ததில் தன் பெயரை ஒட்டி விற்பவரும் உற்பத்தியாளரே. பேட்டரியோடு கூடிய சாமானை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்கிறவரும் உற்பத்தியாளரே. இவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். விற்ற அளவுக்கு ஏற்ப இவ்வளவு பழையது திரும்பி வந்து மறுசுழற்சி ஆயிற்று என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். பணம் கட்டிவிட்டேன், ஆளை விடு என்று தப்பிக்கவும் வழியில்லை. பாக்கி மூன்று ஆண்டு வரை தொடர்ந்து வரும்.

பழையதைப் பழுது பார்த்துப் புதுப்பிப்பவரும், உருக்கி மறுசுழற்சி செய்பவரும் மாநில வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நமக்கு அது சர்ச் ஸ்ட்ரீட் பரிசர பவனில் உள்ள கர்நாடக மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இடையில் சேகரித்துப் பிரிப்பவர்கள், புதுப்பிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோதான் ஒப்படைக்க வேண்டும். குப்பை அள்ளும் நகராட்சி அமைப்புக்கும் அதே கடமை. குப்பை மேட்டில் புதைப்பதற்கும் எரிப்பதற்கும் தடை.

உபயோகிப்பவருக்கு இரண்டே இரண்டு வரி. பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக்கூடாது. சேகரிப்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் கொடுத்து, அது முறையாகக் கழிவதற்கு வழி செய்ய வேண்டும். நான் முந்நூறு ரூபாய்க்கு விற்றது அந்த இரண்டாவது வரியை.

கடைக்காரர் சொன்ன கணக்கு

வே-பில் இவ்வளவு விவரமாக இருக்க, சரக்கு எங்கே காணாமற் போகிறது? இதைத் தெரிந்துகொள்ள இந்தப் பக்கத்தில் பல காலமாக பேட்டரிக் கடை வைத்திருக்கும் ஒருவரிடம் போய் உட்கார்ந்தேன். வாணியம்பாடிப் பக்கத்துக்காரர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"பில்லுல நான் கழிக்கிறது ஒரு ரேட் சார். கம்பெனி வண்டி வந்தா அவங்க எனக்குப் போடறது ஒரு ரேட். கேஷைக் கையில வச்சிக்கிட்டு குடோன்காரன் வந்து நிக்கிறான், அவன் சொல்றது அதைவிடக் கூட. நான் பொய் சொல்லல, கை அரிக்கத்தான் செய்யும்" என்றார்.

குடோன்காரரால் மட்டும் எப்படிக் கூடக் கொடுக்க முடிகிறது? யோசித்தால் ரகசியம் ஒன்றுமில்லை. பதிவு பெற்ற ஆலை அமிலத்தை வெளியே விடாமல் நடுநிலைப்படுத்த வேண்டும். புகைபோக்கியில் வடிகட்டி வைக்க வேண்டும். கசடைப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். தொழிலாளியின் ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். வரி கட்ட வேண்டும். குழி தோண்டி உருக்குபவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. எனக்குக் கிடைத்த முந்நூறு ரூபாய், யாரோ வைக்காமல் விட்ட வடிகட்டியின் பணம்.

அதற்காகத் தள்ளுவண்டிக்காரரைத் திட்டிப் பயனில்லை என்பது என் அபிப்பிராயம். நாள் முழுதும் வெயிலில் தெருத் தெருவாக அலைந்து, இந்த ஊரின் பாதிக் குப்பையைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அமிலத்தை வெறும் கையால் கொட்டிய அந்தப் பையனின் விரல்களைப் பார்த்தவன் நான். மேலே டெல்லியில் உற்பத்தியாளர் பதிவாகியிருக்கிறார், ஆலையும் பதிவாகியிருக்கிறது. நடுவில் தெருவில் நிற்கும் இந்த மனிதர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வே-பில் அவர் கையில்தான் கிழிகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தூரம் ஒரு பிரச்னையே அல்ல. எக்ஸைடு கம்பெனியின் பேட்டரி ஆலை ஓசூரில் இருக்கிறது. அதே குழுமத்தின் ஈய மறுசுழற்சி ஆலை மாலூரில் இருக்கிறது. இரண்டும் விவேக் நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள். பாசஞ்சர் வண்டியில் போய் வரலாம். ஓசூரில் பிறந்து விவேக் நகரில் உழைத்து மாலூரில் கரைந்து மறுபடியும் பிறக்க வேண்டிய ஈயம், வாசல் சாக்கடையில் இறங்குகிறது. 2027-28 முதல் புதிய வாகன பேட்டரிகளில் குறைந்தது 35 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது.

காகிதத்தில் எடை

ஒரு பயமும் உண்டு. மறுசுழற்சி ஆலை தான் கரைத்த எடைக்குச் சான்றிதழ் எடுக்கலாம். உற்பத்தியாளர் அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் காட்டலாம். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் இதே முறை பிளாஸ்டிக் கழிவில் நடைமுறைக்கு வந்தபோது, கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் மாநிலங்களில் நான்கு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் கொடுத்திருந்ததை மத்திய வாரியம் 2023-இல் கண்டுபிடித்தது. வராத பிளாஸ்டிக் காகிதத்தில் கரைந்திருந்தது. வராத பேட்டரியும் அப்படிக் கரையாமல் இருக்க வேண்டுமானால், கடையில் பழையதை வாங்கும் இடத்திலேயே எடை எழுதப்பட வேண்டும். அங்கே எழுதாததை மேலே யாரும் சரிபார்க்க முடியாது.

லித்தியம் வந்துவிட்டது

மின்சார வாகனத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கர்நாடகம், அது 2017-இல். இன்று நம் தெருவிலும் சத்தமில்லாத ஆட்டோக்கள் ஓடுகின்றன. இவற்றின் லித்தியம் பேட்டரியில் ஈயம் கிடையாது. ஆனால் உடைத்தால் தீப்பிடிக்கும். கோடரிக்காரருக்கு இது புது ஆபத்து. இதைக் குழி தோண்டி உருக்கவும் முடியாது. ஆகவே அவர் வாங்க வரமாட்டார். வீட்டில் கிடக்கும் செல்போன் பேட்டரி குப்பையோடு போய், குப்பை லாரியில் நசுங்கும்.

ஐரோப்பிய நாடுகள் 2023-இல் கொண்டுவந்த சட்டப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் பாஸ்போர்ட் வேண்டும். யார் செய்தது, உள்ளே என்னென்ன பொருள் என்ற விவரமெல்லாம் அதில் ஒட்டியுள்ள குறியீட்டைக் காட்டினால் தெரியும். உலோகம் தோண்டிய சுரங்கத்தில் குழந்தைத் தொழிலாளி இருந்தாரா என்று விசாரிக்கும் கடமையும் உண்டு. அதை மட்டும் 2027 ஆகஸ்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். காங்கோ நாட்டுச் சுரங்கத்திலிருந்து பெர்லின் கடை வரை வே-பில் எழுதப் பார்க்கிறார்கள். நமக்கு இப்போதைக்கு விவேக் நகரிலிருந்து மாலூர் வரை எழுதினால் போதும்.

பில்லில் ஒரு வரி

சென்ற மாதம் பக்கத்து வீட்டு அக்காவின் இன்வெர்ட்டர் பேட்டரி நின்றுபோனது. தையல் வேலை செய்பவர். கரண்ட் போனால் பிழைப்பு நின்றுவிடும். அதே குஜரிக்காரர் வந்து விலை கேட்டார். இம்முறையும் கடையைவிடக் கொஞ்சம் கூடத்தான். அக்கா என்னைப் பார்த்தார். சாக்கடை ஓரத்தில் சிமெண்டு அரித்துப்போன இடத்தைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அந்த வித்தியாசப் பணத்தை நான் கொடுப்பதாகவும் சொன்னேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

மூடியைக் கழற்றாமல், சாய்க்காமல், ஆட்டோவில் நிமிர்த்தி வைத்தே இருவருமாகக் கடைக்குக் கொண்டுபோனோம். அக்கா கடைக்காரரிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"அண்ணா, பழசு வாங்கிக்கிட்டேன்னு எடையோட பில்லுல எழுதுங்க. இது யார்கிட்ட போகும்னும் எழுதுங்க."

இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்றார் கடைக்காரர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தராசில் ஏற்றி, எடையைப் பில்லில் எழுதி, கம்பெனி வண்டிக்கு என்று அடியில் குறித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்கொரு கார்பன் நகலும் எடுத்து வைத்துக்கொண்டார்.